பின் அச்சைப் பூட்டும் முடிவு யாருடையது? ஹெவி டியூட்டி பிக்கப்புக்கு லாக்கர் தேர்வு

ஹெவி டியூட்டி பிக்கப் வைத்திருப்பவர் பின் அச்சுக்கு லாக்கர் வாங்க முனையும்போது பேச்சு பெரும்பாலும் வலுவில்தான் தொடங்குகிறது. எது உடையாது, எது எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும், எத்தனை அங்குல டயர் வரை ஈடுகொடுக்கும் என்று கேட்கிறார்கள். வட அமெரிக்கச் சந்தையில் முக்கால் டன், ஒரு டன் என்று இன்றும் பழைய பெயரால் அழைக்கப்படும் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, செவ்ரலே சில்வராடோ 2500எச்டி, 3500எச்டி போன்ற வண்டிகளைப் பொறுத்தவரை இந்தக் கவலையில் நியாயம் உண்டு. 2023 மாடலில் ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் எஞ்சின், அதன் உயர்திறன் வடிவத்தில், 1,200 பவுண்டு-அடியை, அதாவது சுமார் 1,627 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிட்டது. இத்தனை விசையும் கடைசியில் ஒரு கிரவுன் பினியன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஆனாலும் பெயர்பெற்ற தயாரிப்பு எதுவானாலும், வண்டியின் அச்சுக்கென்றே செய்த அளவில் வாங்கிச் சரியாகப் பொருத்தினால், வலுவில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டும் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. இரண்டு பின்சக்கரங்களும் எந்த நொடியில் ஒன்றாகச் சுழல வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஒரு வகையில் பல்சக்கரங்களின் உராய்வு தீர்மானிக்கிறது, இன்னொன்றில் சக்கரங்களின் வேக வேறுபாடு, இன்னொன்றில் வளைவு, கடைசி வகையில் ஓட்டுநரின் விரல். பாரம் இழுக்கும் பெரிய பிக்கப்பில் இந்த முடிவு ஓட்டுநரிடமே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே நான் வாதிடப்போவது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் பூட்டு இல்லாத, சாதாரண டிஃபரென்ஷியலின் கணக்கு. பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர் 1828-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. பின்சக்கரங்களுக்கு இடையே 1.7 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் சுமார் 2.7 மீட்டர் கூடுதலாக உருளும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வேறுபாடு மாறுவதில்லை. அதை டிஃபரென்ஷியல் தேய்மானமின்றிச் சமாளிக்கிறது. அதற்கு அது வாங்கும் கூலி, இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுப்பேன் என்ற பிடிவாதம். எல்லா விசையும் வழுக்கும் சக்கரத்துக்கே ஓடிவிடுகிறது என்று பலர் சொல்வது தவறு. வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்கிறதோ, அதே அளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. எஞ்சின் எத்தனை பெரிதாக இருந்தாலும் மோசமான சக்கரத்தின் பிடிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வண்டியை அது தள்ளாது.

எண்களில் பார்த்தால் நிலைமை தெளிவாகும். பின் அச்சின் மேல் 2,000 கிலோ எடை, பக்கத்துக்கு ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் பனிக்கட்டியின் மேல், அதன் உராய்வுக் கெழு 0.1, மற்றது உலர்ந்த தார்ச்சாலையில், 0.8. பனிச்சக்கரம் 100 கிலோ விசையைத்தான் தரையில் ஊன்ற முடியும். அதனால் மற்றதும் 100 கிலோதான். மொத்தம் 200. அச்சைப் பூட்டிவிட்டால் 100-உம் 800-உம் சேர்ந்து 900. இப்போது டிரெய்லரோடு எட்டு டன் எடையுள்ள கூட்டு வண்டி ஒன்று ஐந்து சதவீத ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டும். ஏற்றத்துக்கு 400 கிலோ, உருளல் தடைக்கு இன்னொரு நூறு, ஆக 500 கிலோ வேண்டும். பூட்டில்லாத அச்சு பாதிகூடத் தராது. பூட்டிய அச்சு தாராளமாகத் தரும். படகை நீரிலிருந்து இழுக்கும் பாசிபடிந்த சரிவு, ஒரு பக்கம் பனி ஒதுக்கிய சாலையோரம், மழை பெய்த புல்தரையில் நிறுத்திய குதிரை டிரெய்லர் என்று இந்த வண்டிகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பலவும் ஏறத்தாழ இதே கணக்குக்குள் அடங்குபவை.

ஆனால் இதே கணக்கு லாக்கரின் எல்லையையும் சொல்கிறது. இரண்டு சக்கரமும் 0.2 பிடிப்புள்ள சேற்றில் நின்றால், பூட்டாத அச்சும் 400 கிலோ, பூட்டிய அச்சும் 400 கிலோ. லாக்கர் பிடிப்பை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கம் சும்மா கிடக்கும் பிடிப்பைப் பயன்படுத்த மட்டுமே அதற்குத் தெரியும். தேய்ந்த நெடுஞ்சாலை டயரோடு வயற்காட்டுக்குள் இறங்குகிறவர் முதலில் போக வேண்டியது டயர் கடைக்கு. அதேபோல ஃபோர் வீல் டிரைவ் இருக்கும்போது லாக்கர் எதற்கு என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு அச்சிலும் சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பனிப்பள்ளத்தில் இறங்கிவிட்டால், நான்கு சக்கர ஓட்டம் கொடுப்பது அந்த இரண்டு வழுக்கும் சக்கரங்களின் இரட்டிப்பை மட்டுமே. மேலும் டீசல் பிக்கப் ஒன்று காலியாக நிற்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னே இருக்கிறது. பின் தொட்டியில் ஒன்றுமில்லாத வண்டி ஈரப் புல்லில்கூட இளைத்துப்போகும். கூஸ்நெக் டிரெய்லரை மாட்டியதும் அதன் முனை எடை பின் அச்சில் அமர்ந்து பிடிப்பைத் தாராளமாக்கிவிடும். ஆக, லாக்கர் அதிகம் தேவைப்படுவது காலி வண்டிக்கு. அந்த லாக்கர் அதிகம் வதைபடுவதோ பாரவண்டியில். ஒரே கருவி இந்த இரண்டு வேளைக்கும் பொருந்த வேண்டும் என்பதில்தான் தேர்வின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

ஒரு கோடியில் யாருமே முடிவெடுக்காத அச்சு இருக்கிறது. டிஃபரென்ஷியலே இல்லாமல் இரண்டு பக்கத்தையும் நிரந்தரமாக இணைக்கும் ஸ்பூல், அல்லது உள்பற்களை வெல்டிங் செய்து அடைத்த டிஃபரென்ஷியல். மேலே சொன்ன 2.7 மீட்டரை ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்த்துக் கட்ட வேண்டும். பந்தயக் களத்துக்கு வெளியே இதற்கு இடமில்லை. மேற்கொண்டு பேசத் தேவையும் இல்லை. அடுத்து வருவது டெட்ராய்ட் லாக்கர். 1940-களில் நோ-ஸ்பின் என்ற பெயரில் அறிமுகமாகி, போர்க்கால ராணுவ வண்டிகளில் ஓடி, இன்று ஈட்டன் நிறுவனத்தின் கையில் இருக்கும் வடிவமைப்பு. அதன் இயல்பு நிலையே பூட்டிய நிலை. வளைவில் வெளிச்சக்கரம் கிரவுனைவிட வேகமாக ஓட முற்படும்போது அந்தப் பக்கத்துப் பற்கிளட்ச் விடுபட்டு அதை ஓட விடுகிறது. காற்றுக்குழாய் இல்லை, மின்கம்பி இல்லை, தேய்ந்துபோகும் உராய்வுத் தட்டு இல்லை. அதன் ஆதரவாளர்கள் முன்வைக்கும் இந்த எளிமை உண்மையானது. இன்னொரு வாதமும் அவர்களிடம் உண்டு. பூட்டும்போதும் விடும்போதும் அது வண்டியைக் குலுக்குகிறது என்ற புகார் பெரும்பாலும் குட்டை ஜீப்புகளிலிருந்து வருகிறது என்கிறார்கள். ஜீப் ராங்லரின் டிஜே மாடலில் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.37 மீட்டர், நான்கு கதவு எஃப்-250-இல் அது நான்கு மீட்டரைத் தாண்டும். பின்னிருந்து வரும் உதறலை நீண்ட வண்டி உள்வாங்கிக்கொள்ளும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

மறுப்பு வேறு இரண்டு இடங்களில். டெட்ராய்ட் லாக்கர் உள்ள வண்டி ஆக்சிலரேட்டரை மிதித்தபடி வளைந்தால் முழு முறுக்குவிசையும் உள்சக்கரத்தின் தண்டுக்கே போகிறது, ஏனென்றால் வெளிச்சக்கரம் அந்த நேரத்தில் விடுபட்டு உருள்கிறது. பாரத்தோடு மலைக் கொண்டையூசி வளைவில் ஏறும்போது, வளைவின் சாய்வால் எடை குறைந்து நிற்கும் அதே உள்சக்கரம்தான் வண்டி முழுவதையும் இழுக்க வேண்டும். டயர் அளவு பொருந்தாவிட்டாலும் இதே கதைதான். ஒரு பக்கம் புதிய டயர், மறுபக்கம் தேய்ந்தது என்றால், மெதுவாகச் சுழலும் பெரிய டயர் பக்கமே நேர்ச்சாலையிலும் வேலையைச் செய்யும். பின்னால் நான்கு டயர் ஓடும் டூவலி வண்டியில் நான்கையும் சமமாக வைத்திருப்பது ஒரு தனி வேலை. இரண்டாவது இடம் பனி. சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். சாதாரண அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது சுழலாமல் உருண்டு, பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானாகப் பூட்டும் அச்சில் இரண்டும் ஒன்றாகப் பிடிப்பை இழக்கின்றன. காலியான பிக்கப்பின் வால் அப்போது சாலையின் சரிவைப் பார்த்து இறங்கத் தொடங்கும். ஓட்டுநர் செய்த தவறு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தது மட்டுமே. மினசோட்டாவிலும் கனடாவின் சமவெளிகளிலும் ஆண்டில் பல மாதம் இப்படிப்பட்ட சாலையில் ஓடும் வண்டிக்குள், தானே முடிவெடுக்கும் ஒரு பற்கிளட்சை வைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் பின்பற்றிய வழி இடைப்பட்டது. 1973-இல் ஈட்டன் அவர்களுக்காகக் கொண்டுவந்த இயந்திரப் பூட்டு, ஜி80 என்ற தேர்வுக் குறியீட்டின் பெயராலேயே இன்று அறியப்படுகிறது. உள்ளே சிறு எடைகள் பொருத்திய ஒரு கவர்னர் இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்ததும் அது ஒரு கொக்கியில் மாட்டி, தட்டுகளை இறுக்கி, அச்சை முழுமையாகப் பூட்டுகிறது. மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் அந்தக் கவர்னர் தன்னைத் தானே விலக்கிக்கொள்வதால் நெடுஞ்சாலையில் பூட்டாது. வேறு எந்த வகையையும்விட இது அதிகமான அமெரிக்கப் பிக்கப்புகளில் இருக்கிறது என்றால் மிகையாகாது; பெரும்பான்மையோர் அது தங்கள் வண்டியில் இருப்பதை உணராமலேயே ஓட்டுகிறார்கள். நம் ஊர் மஹிந்திரா தாரில் வந்த இயந்திரப் பூட்டும் இதே ஈட்டன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குறை எங்கே? அந்த நூறு சுற்றில். இந்த வண்டிகளில் வழக்கமான, சுமார் 84 சென்டிமீட்டர் உயரமுள்ள டயரில் நிமிடத்துக்கு நூறு சுற்று என்பது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம். ஒரு சக்கரம் நிற்க, மற்றது அந்த வேகத்தில் சேற்றைக் கிண்டிய பிறகே பூட்டு விழுகிறது. அதற்குள் சக்கரம் தனக்கான குழியை வெட்டிக்கொண்டுவிடும். அதோடு, 16 கிலோமீட்டர் வேறுபாட்டில் ஓடும் இரண்டு தண்டுகளை ஒரு நொடியில் இணைப்பது அச்சுக்கு ஓர் அடி. தொழிற்சாலை டயரோடு, மெல்ல ஓட்டும் உரிமையாளருக்கு அந்த அடி பொருட்டல்ல. எடை கூடிய பெரிய டயரும், சேற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தும் பழக்கமும் சேரும்போது, கவ்-லாக் என்ற அதன் பழைய பெயரைக் கேலியாகத் திரித்து கவ்-பாம் என்று அங்குள்ளவர்கள் அழைப்பதன் காரணம் விளங்கும்.

இனி விலக்கு. தட்டுக் கிளட்ச் வைத்த லிமிட்டெட் ஸ்லிப் வகைகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். தட்டு தேயும், சிறப்பு எண்ணெய்ச் சேர்க்கை வேண்டும், சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு அது பெயருக்கு மட்டும் இருக்கும். கவனத்துக்குரியது சாய்பல் வகை, குறிப்பாக டெட்ராய்ட் ட்ரூட்ராக். இதில் முறுக்குவிசை ஏற ஏறப் பல்சக்கரங்கள் உறையில் அழுந்தி, வழுக்கும் பக்கம் பெறுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கை மற்றப் பக்கத்துக்குக் கடத்துகின்றன. தேயும் தட்டு இல்லை. இறுக்குவதும் தளர்த்துவதும் காதுக்கே கேட்காது. நம் பழைய கணக்கில் வைத்தால் பனிச்சக்கரம் 100, மற்றது 300, மொத்தம் 400. தேவை 500. நூறு குறைகிறது. பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் பார்க்கிங் பிரேக்கை இலேசாகப் போட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் 50 கிலோ தடை கொடுத்தால் வழுக்கும் பக்கத் தண்டு 150 பெறும், மற்றது 450 பெறும். மற்றதிலிருந்து தடையைக் கழித்தால் 400. பனிச்சக்கரத்தின் 100-ஐக் கூட்டினால் 500. கிளம்பிவிடும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சுழியத்தின் மூன்று மடங்கும் சுழியமே. அங்கே அந்தப் பிரேக்கைப் போடுவது ஒன்றுதான் வழி. எனவே வாழ்நாளில் பெரும்பகுதி தார்ச்சாலை, மீதி சரளை, எப்போதாவது ஈரப்புல் என்று டிரெய்லர் இழுத்தே பிழைக்கும் வண்டிக்கு, பாறையிலும் ஆழச்சேற்றிலும் கால்வைக்கும் எண்ணம் துளியும் இல்லாத உரிமையாளருக்கு, ட்ரூட்ராக் எந்த லாக்கரையும்விடப் பொருத்தமானது. அதை லாக்கர் என்று நினைத்து வாங்குகிறவர்தான் ஏமாறுவார்.

மற்றவர்களுக்கு, ஓட்டுநர் விரலால் பூட்டும் வகை. இது நம் விவசாயிக்குப் புதிதல்ல. சேற்று வயலில் டிராக்டரின் ஒரு சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கினால் குதிகாலால் டிஃப் லாக் பெடலை மிதிப்பதும், வரப்போரம் திருப்பும் முன் அதை விட்டுவிடுவதும் உழவு ஓட்டும் எவருக்கும் பழகிய செயல். டிப்பர் லாரி ஓட்டுநர்களும் ஃபோர்ஸ் குர்கா வைத்திருப்பவர்களும் அறிந்ததும் இதுதான். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1987-இல் ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற வடிவமைப்பின் உரிமையை வாங்கி அதை ஏர் லாக்கராக வளர்த்தது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ள, பக்கப் பல்சக்கரம் உறையோடு இணைந்துவிடுகிறது. மின்காந்த வகையில் ஒரு சுருளுக்கு மின்சாரம் போனால் பூட்டு, நின்றால் விடுதலை. ராமின் பவர் வேகன் 2005 முதல் முன்னும் பின்னும் மின்பூட்டோடு வருகிறது. எஃப்-250, எஃப்-350 அடங்கிய ஃபோர்டு சூப்பர் டியூட்டி வரிசையிலும் பின் அச்சு மின்பூட்டைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்கலாம். இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுவான நற்குணம், தொடாத வரைக்கும் அது சாதாரண டிஃபரென்ஷியல் என்பது. பனிச்சாலையில் வால் பிடிப்போடு நிற்கும், டயர் தேயாது, பாரத்தோடு வளையும்போது இரு தண்டும் சமமாகச் சுமக்கும். சக்கரம் சுழலும் முன்பே, குழி விழும் முன்பே பூட்டிக்கொண்டு மெல்ல ஏறலாம் என்பது அதைவிடப் பெரியது. ஜி80 சேதம் ஏற்பட்ட பிறகு பதில் சொல்கிறது. இங்கே கண்ணால் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்கிறார் ஓட்டுநர்.

காற்றா மின்சாரமா என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். காற்றுவகையில் கம்பிரஸர், குழாய், ஓ-ரிங் என்று கசியக்கூடிய இடங்கள் உண்டு. குழாயைச் சைலன்சரையும் ஸ்பிரிங்கையும் உரசாமல் கொண்டுபோவதில்தான் பொருத்துகிறவரின் திறமை தெரியும். பதிலுக்கு அதே கம்பிரஸரால், சேற்றுக்காகக் காற்றைக் குறைத்த டயரைத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். மின்வகையில் உதிரிகள் குறைவு. ஆனால் சில மின்காந்த வடிவங்கள், முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்து ரிவர்ஸ் போடும்போது ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை எடுப்பவர்களுக்கு அது எரிச்சல் தரும். தொழிற்சாலைப் பூட்டு கிடைக்குமானால், அது இந்த இரண்டையும்விட நல்லது என்று நினைக்கிறேன், காரணம் வண்டியின் கணினிக்கு அதைத் தெரியும். ஒரு குறை, சில தயாரிப்பாளர்கள் அதை லோ ரேஞ்சில் மட்டும் இயங்கும்படி கட்டிப்போடுகிறார்கள். பவர் வேகன் அப்படித்தான். படகுச் சரிவில் இரு சக்கர ஓட்டத்திலேயே பூட்ட விரும்புகிறவருக்கு ஃபோர்டின் ஏற்பாடு வசதியானது.

இங்கே எழும் வலுவான எதிர்வாதம், இதெல்லாம் பழங்கதை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தபின் லாக்கர் எதற்கு என்பது. அமெரிக்கச் சட்டப்படி 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2012 மாடல் ஆண்டு முதல் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். முக்கால் டன் வண்டிகள் பல இந்த வரம்புக்குள் நிற்கின்றன; ஒரு டன் வண்டிகள் பல அதைத் தாண்டுவதால் அந்த விதி அவற்றைக் கட்டாயப்படுத்துவதில்லை, பொருத்துவது தயாரிப்பாளரின் விருப்பம். பொருத்தியிருந்தாலும் அது செய்வது வழுக்கும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிப்பது. சம விசைப் பிடிவாதம் இன்னும் அப்படியே இருக்கிறது. நல்ல சக்கரத்துக்கு 800 கிலோ கொடுக்க வேண்டுமானால் வழுக்கும் பக்கமும் 800 வாங்க வேண்டும். அதில் 100 சாலைக்கு, 700 பிரேக்குக்கு. எஞ்சின் கொடுக்கும் 1,600-இல் 700 வெப்பமாகிறது. எட்டு டன் கூட்டு வண்டி நீண்ட ஏற்றத்தில் இப்படியே ஏறினால் பிரேக் சூடேறும்; அதைக் காப்பாற்றக் கணினி கையை எடுத்துக்கொள்ளும். சில நொடிச் சறுக்கலுக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் அருமையான துணை. தொடர்ந்த இழுவைக்கு அது ஆள் இல்லை. இந்த மின்னணு அமைப்பே தானியங்கி லாக்கருக்கு எதிரான இன்னொரு சாட்சியும் ஆகிறது. நிலைப்புக் கட்டுப்பாடு ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிறது; இரு பின்சக்கரமும் இணைந்திருந்தால் அந்தத் தனிப் பிடி இரண்டுக்கும் பரவி நோக்கம் கெட்டுவிடும். ஓட்டுநர் பூட்டும் வகையில் நெடுஞ்சாலை வேகத்தில் பூட்டே இல்லை என்பதால் மோதலும் இல்லை.

ஓட்டுநர் மறந்துவிடுவார், தாமதமாகப் போடுவார், தார்ச்சாலையில் போட்டபடியே ஓட்டுவார் என்பது அடுத்த எதிர்ப்பு. வாடகை வண்டிக்கும், பலர் கைமாறி ஓட்டும் நிறுவன வண்டிக்கும் இதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஜி80-யோ ட்ரூட்ராக்கோ இருப்பதே நல்லது. சொந்தமாக ஓட்டும் ஒருவர், டிரெய்லர் பிரேக்கையும் லோ ரேஞ்சையும் கையாளத் தெரிந்தவர், ஒரு சுவிட்சை மட்டும் மறப்பார் என்று கொள்ளக் காரணமில்லை. தண்டு உடையும் என்ற அச்சத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டூவலி ஒன்றின் பின் அச்சில் 4,400 கிலோ என்று கொண்டால், உலர்ந்த சாலையில் ஒரு பக்கம் தாங்கக்கூடிய அதிகபட்ச முறுக்குவிசை, டயர் ஆரத்தை 40 சென்டிமீட்டராகக் கொண்டால், சுமார் 6,900 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் டயரே வழுக்கிவிடும். பூட்டியிருந்தாலும் பூட்டாவிட்டாலும் இந்த உச்சவரம்பு ஒன்றுதான். ஆகவே சமதரையில் பூட்டுவதால் மட்டும் தண்டுக்குப் புதிய ஆபத்து வருவதில்லை. உண்மையான ஆபத்து இரண்டு. ஒரு சக்கரம் தூக்கி நிற்க, முழு எடையும் மற்றதில் அமர்ந்தால் வரம்பு இரட்டிப்பாகி 13,800-ஐத் தொடும். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென நல்ல தரையைக் கவ்வும்போது விழும் அடி இரண்டாவது. முன்கூட்டியே பூட்டி மெல்ல நகர்வது இந்த இரண்டாவதைத் தவிர்க்கிறது. முதலாவதைத் தவிர்க்க, பாரத்தோடு பாறைமேல் ஏறாமலிருப்பதே வழி.

நடைமுறைத் தேர்வில் கடைசியாகச் சறுக்குவது அச்சின் அடையாளத்தில். வண்டியின் பெயரைச் சொல்லி லாக்கர் வாங்க முடியாது. ஃபோர்டில் 1985 முதல் 10.25 அங்குல ஸ்டெர்லிங் அச்சு, 1999 முதல் 10.5, பின்னாளில் சிலவற்றில் டானா. ஜெனரல் மோட்டார்ஸ் 2001 முதலும் ராம் 2003 முதலும் அமெரிக்கன் ஆக்ஸில் நிறுவனத்தின் 11.5 அங்குல அச்சைப் பொருத்தின. இந்த ஒரே அச்சிலேயே 30 பள்ளமுள்ள தண்டும் 38 பள்ளமுள்ள தண்டும் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குள் நுழையாது. டானா 60-இலும் பழைய 14 போல்ட் 10.5 அங்குல அச்சிலும் பல்விகிதம் 4.10 வரை ஓர் உறை, 4.56 முதல் வேறோர் உறை. விகிதத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் லாக்கரையும் ஒரே வேலையாக முடிப்பது புத்திசாலித்தனம், ஏனென்றால் பல் இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் இரண்டு முறை அளந்து சரிசெய்யும் கூலி மிச்சம். ஹெவி டியூட்டி வண்டிகளில் ஒரு சலுகை இருக்கிறது. இவற்றின் அச்சு முழு மிதவை வகை. வண்டியின் எடையை உறைக்குழாய் சுமக்கிறது, தண்டு சுழற்ற மட்டுமே செய்கிறது. சக்கரத்தைக் கழற்றாமலே தண்டை உருவலாம். காட்டுக்குள் தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. எண்ணெய் விஷயத்தில் தயாரிப்பாளரின் தாளை மீற வேண்டாம். ட்ரூட்ராக்குக்குள் உராய்வு குறைக்கும் சேர்க்கையை ஊற்றுவது, உராய்வாலேயே வேலைசெய்யும் கருவியின் தொழிலைக் கெடுப்பதாகும்.

புதிய வண்டி வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு, தொழிற்சாலை மின்பூட்டு கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பொருத்துவதைவிட மலிவு, கணினியோடும் ஒத்துப்போகும். ஜி80 ஏற்கெனவே உள்ள வண்டி தொழிற்சாலை டயரோடு ஓடினால் அதை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம்; அது உடைந்த பிறகோ டயரைப் பெரிதாக்கும்போதோ யோசிக்கலாம். சாலையைவிட்டு இறங்காத டிரெய்லர் வண்டிக்கு ட்ரூட்ராக். பண்ணை, காடு, பனி, படகுச் சரிவு என்று எல்லா இடமும் போகும் சொந்த வண்டிக்கு ஏர் லாக்கரோ மின் லாக்கரோ. பனியே விழாத ஊரில், வண்டியை வேலைக்கன்றி வேறெதற்கும் எடுக்காத, கம்பியையும் குழாயையும் வெறுக்கும் ஒருவர் டெட்ராய்ட் லாக்கரைத் தேர்ந்தால் நான் தடுக்கமாட்டேன். எதை வாங்கினாலும், ஆர்டர் கொடுப்பதற்கு முன் பின் மூடியைக் கழற்றி, கிரவுனின் அளவையும் பல்விகிதத்தையும் பார்த்து, ஒரு தண்டை உருவி அதன் பள்ளங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.